ஆட்டோமேட்டிக் பிக்கப் டிரக்கில் ‘டங்’ சத்தமும் முரட்டு கியர் மாற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிக்கப் டிரக்குகளின் அடியில் படுத்தே பல குளிர்காலங்களைக் கழித்தவன் நான். கூரை வேய்பவர்கள், தரை ஓடு பதிப்பவர்கள், பனி அள்ளுபவர்கள் என்று நம்மவர்கள் பலர் அங்கே இந்த வண்டிகளை நம்பித்தான் பிழைக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஷெவ்ரோலே சில்வராடோ, ஃபோர்டு எஃப்-150 போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

சத்தம் வந்தாலே கியர்பாக்ஸ் போய்விட்டது என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் இல்லை. கியர்பாக்ஸ் உண்மையில் சாகும்போது அது சத்தம் போடுவதைவிட வழுக்குவதுதான் அதிகம். இன்ஜின் உறுமும், வண்டி நகராது. அல்லது டி-யில் (முன்னோக்கிப் போகும் நிலை) போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் பிடிக்கும். ‘டங்’ என்ற உலோகச் சத்தத்துக்கு வேறு காரணம் உண்டு. எங்கோ இரண்டு பாகங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது. அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவும்போது இடிக்கிறது. அந்த இடைவெளி கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டில் இருக்கலாம், ஆக்ஸிலில் இருக்கலாம், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கில் இருக்கலாம்.

ஒருவர் தன் வண்டியில் மூன்று வாரம் ‘டக் டக்’ என்ற சத்தத்தோடு அலைந்து, கியர்பாக்ஸ் மாற்றப் பணம் புரட்டிக்கொண்டு வந்தார். பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கியின் குண்டு அதன் குழாய்க்குள் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டதும் சத்தம் நின்றது. அவர் சிரிக்கவில்லை.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

எப்போது இடிக்கிறது என்பதிலிருந்து. வண்டிக் கணினியின் பிழை எண்களைப் படிக்கும் ஸ்கேனரைவிட இந்தக் கேள்விக்கான பதில்தான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள்.

பி-யிலிருந்து (நிறுத்தி வைக்கும் நிலை) ஆர்-க்கோ (ரிவர்ஸ்) டி-க்கோ மாற்றும்போது மட்டும் இடித்தால், ஐட்லிங் வேகம் (ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்), மவுண்டிங், ஷாஃப்ட்டின் ஆட்டம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓடும்போது ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கும்போதெல்லாம் இடித்தால் அநேகமாக ஷாஃப்ட்டோ, பின் ஆக்ஸிலின் நடுவே இருக்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலோதான். அந்த நேரத்தில் கியரே மாறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு கியர் மாற்றம் மட்டும், உதாரணமாக ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவது மட்டும் முரடாக இருந்தால் கோளாறு அந்த மாற்றத்துக்குரிய பாகத்தில் இருக்கும். எல்லாக் கியரும் ஒரே நாளில் முரடாகிவிட்டால் கியர்பாக்ஸ் எண்ணெயின் அழுத்தத்தையோ கியரைக் கட்டுப்படுத்தும் கணினியையோ சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த காலையில் முதல் இரண்டு மூன்று மாற்றங்கள் மட்டும் கொஞ்சம் முரடாக இருந்தால், மைனஸ் இருபது டிகிரியில் எண்ணெய் தேன் போலத் தடித்திருப்பதுதான் காரணம். அதற்காக யாரும் எதையும் கழற்ற வேண்டாம்.

சிக்னலில் பிரேக் பிடித்து நின்றதும், பின்னால் யாரோ வந்து மோதியது போல ஒரு இடி. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. என்ன அது?

இந்தக் கேள்வியைக் கேட்காத சில்வராடோக்காரரை நான் பார்த்ததில்லை. குறிப்பாக 1999-க்குப் பிறகு வந்த தலைமுறையில் இது ஊரறிந்த விஷயம், எஃப்-150-யிலும் உண்டு.

நடப்பது இதுதான். பின்புற ஆக்ஸில் லீஃப் ஸ்பிரிங் பட்டைகளின்மேல் தொங்குகிறது. பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது பிரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம் சிறிது கூடிக் குறைய வேண்டும். அதற்காகவே ஷாஃப்ட்டின் முன்முனையில் ஸ்லிப் யோக் என்று ஒரு பாகம் வைத்திருக்கிறார்கள். உள்ளே பல்வரிகள் வெட்டிய உறை அது. கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் ஷாஃப்ட்டின் பற்களின்மேல் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். அந்தப் பற்கள் காய்ந்துபோனால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். பிறகு விசை தாங்காமல் சட்டென்று விடுபடும். அந்த விடுபடல்தான் உங்கள் முதுகில் வந்து இடிக்கிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆளில்லாத வாகன நிறுத்துமிடத்தில் மெதுவாக ஓட்டி, என்-க்கு (நியூட்ரல்) மாற்றி, பிரேக் பிடித்து நில்லுங்கள். அப்போதும் இடித்தால் கியர்பாக்ஸைக் குற்றம் சொல்ல முடியாது. யோக், பட்டைகளின் புஷ், பிரேக் பேட் என்று பார்க்க வேண்டும். என்-னில் சத்தம் மறைந்து டி-யில் மட்டும் வந்தால், நிற்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் மாற்றத்தை ஆராயலாம்.

யோக்தான் என்றால் மருந்து மலிவு. ஷாஃப்ட் ஆக்ஸிலோடு சேரும் இடத்தில் அடையாளம் போட்டுவிட்டுக் கழற்றுங்கள். அதே நிலையில் திரும்ப மாட்டாவிட்டால் அதிர்வு வரும். யோக்கை உருவி, பற்களைத் துடைத்து, அதற்கென்று வரும் கிரீஸை மெல்லப் பூசித் திரும்ப மாட்டுங்கள். பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) கலந்த கிரீஸ் நன்றாக உழைக்கிறது. அள்ளி அப்ப வேண்டாம். கிரீஸ் அடைத்துக்கொண்டால் யோக் உள்ளே போக இடமில்லாமல் வேறு தொல்லை தொடங்கும். ஒன்றிரண்டு வருடத்தில் சத்தம் திரும்ப வரலாம், திரும்பப் பூசலாம். சில்வராடோவைத் தயாரிக்கும் ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) பின்னாளில் இதற்காகவே நிக்கல் பூச்சு கொடுத்த யோக்கை வெளியிட்டது. அதை மாட்டியவர்கள் என்னிடம் திரும்பி வருவது குறைவு.

பி-யிலிருந்து ஆர்-க்குப் போட்டால் ‘டங்’ என்கிறது. டி-க்குப் போட்டாலும் அதே.

முதலில் இன்ஜினின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரைப் பாருங்கள். சூடான இன்ஜின் ஆக்சிலேட்டர் மிதிக்காமல் நிமிடத்துக்கு 600 முதல் 750 சுற்று வரை ஓடினால் சரி. ஆயிரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தால் எந்தக் கியர்பாக்ஸும் இடிக்கத்தான் செய்யும். இன்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டில் பாடி அழுக்கேறியதோ, கிழிந்த வேக்கம் குழாயோ காரணமாக இருக்கலாம்.

ஐட்லிங் சரியாக இருந்தால் போனட்டைத் திறந்து வைத்து, நம்பகமான ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஆர், டி என்று மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. இன்ஜின் ஓர் அங்குலத்துக்கு மேல் எகிறி விழுந்தால் மவுண்டிங் ரப்பர் பிய்ந்திருக்கிறது. கியர்பாக்ஸுக்கு அடியிலும் ஒரு மவுண்டிங் உண்டு. அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது ஷாஃப்ட். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை நிறுத்தி, என்-னில் வைத்து, அடியில் படுத்து ஷாஃப்ட்டைக் கையால் இருபக்கமும் திருகிப் பாருங்கள். நம் ஊர் மெக்கானிக்குகள் ‘கிராஸ்’ என்று சொல்லும் யுனிவர்சல் ஜாயின்ட்டில் ஆட்டமே இருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் அளவு ஆடினால் மாற்ற வேண்டியதுதான். ஆடாவிட்டாலும் மூடியைச் சுற்றிச் செம்மண் போலத் துருத்தூள் கசிந்திருந்தால் உள்ளே இருக்கும் ஊசி பேரிங் காய்ந்துவிட்டது என்று பொருள். ஒன்ராறியோவில் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு இந்தக் கிராஸை ஆண்டுதோறும் தின்கிறது. ரிவர்ஸில் மெதுவாகப் போகும்போது குருவி போலக் கீச்சிட்டால் அதுவும் கிராஸ்தான். நீளமான வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவே தாங்கும் பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள்.

கிராஸ் இறுக்கமாக இருந்தும் ஷாஃப்ட் நிறையத் திரும்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறதா? அது டிஃபரன்ஷியல். அதன் பெரிய பற்சக்கரமான கிரவுனுக்கும் சிறிய பற்சக்கரமான பினியனுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும், ஆனால் அது ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குக்கும் குறைவு. கையில் உணர்கிற ‘டொக்’ அதைவிடப் பெரியதாக இருந்தால் மூடியைத் திறந்து பாருங்கள்.

சரிவில் பி-யில் நிறுத்தினால், எடுக்கும்போது துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம்.

கோளாறு இல்லை. வண்டியின் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறிய கொக்கியின்மேல் சாய்ந்திருக்கிறது. பிரேக்கை மிதித்தபடி என்-க்கு மாற்றி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கை மெல்ல விட்டு வண்டி அமர்ந்த பிறகு பி-க்குப் போங்கள்.

கியர்பாக்ஸ் எண்ணெய் அளவை எப்படிப் பார்ப்பது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொன்று என்பதால்தான். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் சூடாக இருக்க, சமதரையில், பி-யில் வைத்து அளவுகோலை உருவிப் பார்க்க வேண்டும். பழைய டாட்ஜ் ராம் வண்டிகளில் என்-னில் வைத்துப் பார்க்க வேண்டும். பி-யில் பார்த்தால் அளவு பொய் சொல்லும். புதிய வண்டிகள் பலவற்றில் அளவுகோலே கிடையாது. ஜி.எம்.மின் ஆறு கியர் 6எல்80-இல் எண்ணெய் 30 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது, இன்ஜின் ஓட, அடியில் உள்ள திருகைக் கழற்றினால் மெலிதாகச் சொட்ட வேண்டும். அந்த வெப்பநிலையை ஸ்கேனரில்தான் படிக்க முடியும். கையால் தொட்டுப் பார்த்து ஊகிக்க வேண்டாம்.

அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கியர் தாமதமாக, பிறகு திடீரென்று விழும். அளவு கூடினாலும் சுழலும் பாகங்கள் எண்ணெயை நுரையாக்கி அதே விளைவைத் தரும். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் நல்லதுதானே என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்போ இளம்பழுப்போ என்றால் கவலையில்லை. கறுத்துத் தீய்ந்த நாற்றம் வந்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. எண்ணெய்ப் பாத்திரத்தில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு; கண்ணுக்குத் தெரியும் உலோகச் செதில் இயல்பு அல்ல.

எந்த ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெய் ஊற்றினாலும் ஒன்றுதானே?

இல்லை. கிறைஸ்லரின் பல பெட்டிகளுக்கு ஏ.டி.எஃப்.+4, ஜி.எம்.மின் ஆறு கியருக்கு டெக்ஸ்ரான் 6, ஃபோர்டின் ஆறு கியருக்கு மெர்கான் எல்.வி., பத்து கியருக்கு மெர்கான் யு.எல்.வி. என்று கைப்புத்தகம் என்ன சொல்கிறதோ அதுவே. எண்ணெயின் உராய்வுத் தன்மை மாறினால் கிளட்ச் பிடிக்கும் விதமே மாறிவிடும்.

நேற்றுவரை பட்டுப் போல மாறிய கியர்கள் இன்று எல்லாமே உதைக்கின்றன. திடீரென்று என்ன ஆனது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம். நீங்கள் மெல்ல ஓட்டும்போது கணினி அந்த அழுத்தத்தைக் குறைத்து வைக்கிறது, கியர் மென்மையாக விழுகிறது. பாரம் ஏறும்போது கூட்டுகிறது. இந்த வேலையைச் செய்வது மின்சாரத்தால் இயங்கும் வால்வான அழுத்தக் கட்டுப்பாட்டுச் சொலினாய்டு. அதை வடிவமைத்தவர்கள் புத்திசாலிகள்: மின்சாரம் கூடினால் அழுத்தம் குறையும்படி, மின்சாரமே இல்லாவிட்டால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும்படி வைத்தார்கள். கம்பி அறுந்தாலும், கனெக்டரில் துரு பிடித்தாலும், கணினி குழம்பினாலும் கிளட்ச் வழுக்கி எரியாது. முரடாகப் பிடித்து உங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே எல்லாக் கியரும் ஒரே நாளில் உதைக்கத் தொடங்கினால், கியர்பாக்ஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

ஜி.எம்.மின் 4எல்60-இ இதற்கு நல்ல உதாரணம். 1993-இல் வந்த நான்கு கியர் பெட்டி. இருபது ஆண்டுகள் வாக்கில் லட்சக்கணக்கான டிரக்குகளில் ஓடியது. அதில் மின்னோட்டம் சுமார் 1.1 ஆம்பியர் என்றால் அழுத்தம் மிகக் குறைவு, பூஜ்யம் என்றால் உச்சம். கியரை மாற்றும் இரண்டு சொலினாய்டுகளுக்கும் மின்சாரம் போகாவிட்டால் மூன்றாம் கியரிலேயே கிடக்கும். மூன்றாம் கியரில் கிளம்பித் திணறுகிறது, ரிவர்ஸ் உதைக்கிறது என்று வந்தால் நான் கியர்பாக்ஸைத் தொடுவதற்கு முன் ஃபியூஸையும் கனெக்டரையும் பார்ப்பேன்.

இதே பெட்டியில் 1990-களின் இறுதி வண்டிகளில் பி1870 என்ற பிழை எண் வெகு பிரபலம். உள்ளே ஏதோ வழுக்குகிறது என்று கணினி சொல்கிறது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டை இயக்கும் வால்வு ஓயாமல் அதிர்ந்து, தான் ஓடும் துளையை, வால்வுகள் அமைந்த அலுமினிய வால்வு பாடியில் அரித்து அகலமாக்கிவிடும். எண்ணெய் கசியும், பூட்டு வழுக்கும். அதைக் கண்ட கணினி அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடும். ஓட்டுநருக்குத் தெரிவதோ ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது விழும் உதை மட்டும்தான். சொலினாய்டை மட்டும் மாற்றிவிட்டு ஏமாந்தவர்கள் அநேகம். அந்தத் துளையைச் சரிசெய்ய வேண்டும், இல்லையேல் வால்வு பாடியை மாற்ற வேண்டும்.

பழைய ஃபோர்டுகளில் ஓவர்டிரைவ் (உயர் கியர்) விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், அதுவும் கியர்பாக்ஸில் கோளாறு என்று கணினி சொல்லும் செய்திதான். விளக்கு கெட்டுவிட்டது என்று பல்பைக் கழற்றியவரையும் நான் அறிவேன்.

கியர்பாக்ஸுக்கு வெளியே உள்ள குற்றவாளிகளையும் மறக்காதீர்கள். காற்றின் அளவை அளக்கும் சென்சார் அழுக்கானாலோ, திராட்டில் நிலையைச் சொல்லும் சென்சார் பழுதானாலோ கணினிக்கு இன்ஜினின் பாரம் தவறாகத் தெரியும். அழுத்தத்தையும் தவறாக வைக்கும். பாட்டரி முனைத் துரு, இற்றுப்போன எர்த் கம்பி இரண்டும் அதே குழப்பத்தைச் செய்யும்.

சந்தேகத்தைத் தீர்ப்பது அழுத்தமானி. 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் ஒன்றைக் கியர்பாக்ஸின் சோதனைத் துளையில் மாட்டுங்கள். ஐட்லிங்கிலேயே முள் உச்சத்தில் நின்றால் மின்சாரப் பக்கம் போங்கள். அழுத்தம் ஒழுங்காக ஏறி இறங்கியும் ஒரு கியர் மட்டும் உதைத்தால் அந்தக் கியரின் பாகத்தைத் தேடுங்கள்.

ஒன்றிலிருந்து இரண்டுக்கு மட்டும் உதைக்கிறது. பிழை எண் எதுவும் இல்லை.

4எல்60-இ என்றால் அக்குமுலேட்டர் பிஸ்டனைப் பாருங்கள். கிளட்ச் பிடிக்கும் நேரத்தில் எண்ணெயின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் மெத்தை அது. பழையவற்றில் பிளாஸ்டிக் பிஸ்டன்; விரிசல் விட்டால் மெத்தை இல்லை. ஆயில் பாத்திரத்தையும் ஃபில்டரையும் இறக்கினால் எட்டிவிடும் இடத்தில்தான் இருக்கிறது. அலுமினியப் பிஸ்டன் வாங்கி மாட்டுங்கள்.

பாட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு கியர் முரடாகிவிட்டது.

கணினி மறந்துவிட்டது. ஒவ்வொரு கிளட்சும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது கற்று வைத்திருந்த கணக்கு சில வண்டிகளில் பாட்டரியோடு அழிந்துபோகும். எண்ணெய் சூடான பிறகு லேசாக மிதித்து எல்லாக் கியரும் மாறும்படி ஓட்டி, மெதுவாக நிறுத்தி, திரும்பத் திரும்ப இப்படிச் செய்யுங்கள். சில நாளில் பழகிவிடும். டோ/ஹால் பொத்தான் தவறி அழுந்தியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். பாரம் இழுப்பதற்காகக் கியரை வேண்டுமென்றே இறுக்கமாக விழச் செய்வது அதன் வேலை.

என்னிடம் இருப்பது கணினியே இல்லாத பழைய வண்டி.

கொடுத்துவைத்தவர். ஜி.எம்.மின் 700ஆர்4 போன்ற கியர்பாக்ஸ்களில் கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். அது அதிகம் இறுகியிருந்தால் கியர் தாமதித்து உதைத்து மாறும். தளர்ந்திருந்தால் சீக்கிரமாக, மென்மையாக மாறும். அந்த மென்மையில் மயங்கி ஓட்டினால் கிளட்ச் எரிந்துவிடும். தளர்ந்த கேபிளோடு வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். ஃபோர்டு சி6, ஜி.எம். டர்போ 400 போன்றவற்றில் கேபிளுக்குப் பதில், இன்ஜினின் உறிஞ்சு விசையால் இயங்கும் வேக்கம் மாடுலேட்டர். அதன் குழாய் கழன்றால் எல்லாக் கியரும் உதைக்கும். உள்ளே சவ்வு கிழிந்தால் இன்ஜின் கியர் எண்ணெயை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும்.

எட்டு கியர் வண்டி, சீரான வேகத்தில் போகும்போது கரடுமுரடான சாலைப் பட்டைகள்மேல் ஓடுவது போல உதறுகிறது.

2015 முதல் சில ஆண்டுகள் வந்த ஜி.எம். எட்டு கியர் வண்டிகளில் இது பேசப்பட்ட கோளாறு. எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி, டார்க் கன்வெர்ட்டரைப் பூட்டும் கிளட்ச் வழுக்கி ஒட்டி வழுக்குகிறது. புதிய வகை எண்ணெயால் முழுவதையும் மாற்றச் சொல்லி 2019-இல் ஜி.எம். டீலர்களுக்கு அறிவுறுத்தியது. முதலில் இதைச் செய்து பாருங்கள், கன்வெர்ட்டர் பிறகு.

எஃப்-150 நெடுஞ்சாலையில் திடீரென்று முதல் கியருக்கு இறங்கியது. கோளாறா, என் பிரமையா?

2011 முதல் 2014 வரையிலான மாடலா? அப்படியானால் பிரமை இல்லை. வெளிவரும் ஷாஃப்ட்டின் வேகத்தைச் சொல்லும் சென்சாரின் சமிக்ஞை அறுந்தால் ஆறு கியர் பெட்டி அப்படி இறங்கக்கூடும் என்று ஃபோர்டு பலமுறை திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து டீலரிடம் இன்றே கேளுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பின்னால் வரும் லாரிக்கு உங்கள் பிரேக் விளக்குகூடத் தெரியாது.

நான்கு சக்கர இயக்கத்தில் திரும்பும்போது மட்டும் இடிக்கிறது.

காய்ந்த தார்ச்சாலையில் 4எச் (நான்கு சக்கர இயக்கம்) போட்டுக் கூர்மையாகத் திரும்பினால் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல முடியாமல் இறுகி விடுபடும். பனியில் மட்டும் போடுங்கள். 2எச்-சிலும் (இரு சக்கர இயக்கம்) அப்படியே என்றால், முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறக்க வேண்டும். நான்கு டயர்களும் ஒரே அளவா, ஒரே தேய்மானமா என்பதை அதற்கு முன் பாருங்கள்.

கடைக்காரர் கியர்பாக்ஸை முழுவதும் பிரித்துக் கட்ட வேண்டும் என்கிறார். நம்பலாமா?

நம்பலாம், ஆனால் காட்டச் சொல்லிவிட்டு நம்புங்கள். பிழை எண்கள் என்ன, அழுத்தம் ஐட்லிங்கிலும் ரிவர்ஸிலும் எவ்வளவு, ஆயில் பாத்திரத்தில் என்ன கிடந்தது என்று மூன்றையும் கேளுங்கள். ஷாஃப்ட்டைத் திருகிப் பார்த்தாரா என்று நான்காவதாகக் கேளுங்கள். ஒரு கடையில் இதே முடிவைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்த கூரைத் தொழிலாளி ஒருவரின் வண்டியில் பின்பக்கக் கிராஸின் ஒரு மூடி முழுதும் காய்ந்து பொடியாகியிருந்தது. புதிய கிராஸ் மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. கழற்றிய பழையதைத் தன் டிரக்கின் முன்கண்ணாடிக்குக் கீழே இன்றும் வைத்திருக்கிறார்.